மயில் கழுத்தில் நின்ற ஃபைல்

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர்கள் பொய்யே சொல்வதில்லை. "ஒண்ணுமே செய்யலீங்க, அதுவா நின்னு போச்சுங்க" என்று மட்டும் சொல்வார்கள்.

நான் மோடம் பார்க்கிறவள். பெயர் வசந்தி. சேலத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சின்னக் கடை, ஓனர் சின்னச்சாமி அண்ணன், ஒரு ஸ்கூட்டர், ஒரு ஸ்க்ரூ டிரைவர் பை. இவ்வளவுதான் எங்கள் கம்பெனி. "இந்தக் காலத்தில் மோடமா?" என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் இன்டர்நெட் தரும் பெட்டியை நான் சொல்லவில்லை. இது டிபன் பாக்ஸ் அளவில், ஒற்றைக் கொம்பு மாதிரி ஆன்டெனா வைத்த ரேடியோ மோடம். ஓரிடத்துக் கம்ப்யூட்டர் கொடுக்கும் ஃபைலை வாங்கிக் காற்றில் அனுப்பும். இன்னோரிடத்தில் இதன் ஜோடி அதைப் பிடித்துத் தறிக்கோ, கோழிப்பண்ணைக்கோ, தண்ணீர் மோட்டாருக்கோ ஊட்டிவிடும். சிம் கார்டு வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். ஒருமுறை மாட்டினால் மறந்துவிடலாம். எங்கள் பக்கத்து ஆட்கள் மறந்தும்விடுகிறார்கள், அது நின்றுபோகும் வரை.

அனுப்புகிற பக்கத்தில் அநேகமாக யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர் இருக்கும். கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. ஆனால் வருஷக்கணக்கில் அணைக்காமல் ஓடும். அது வேகமாகப் பேசும், எதிரே இருக்கும் மெஷின் மெதுவாகக் கேட்கும். ஆகவே கேட்கிறவர் "பொறு" என்று சொல்ல வேண்டும், பேசுகிறவர் நிற்க வேண்டும். "ம், அனுப்பு" என்றதும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இதற்கு ஃப்ளோ கன்ட்ரோல் என்று பெயர். புருஷன் பெண்டாட்டிக்கே கைவராத இந்த வித்தையை இரண்டு மெஷின்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. பாதியில் நின்ற ஒரு ஃபைலின் எதிரே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் சொந்தக்காரர். மேலே படியுங்கள்.

தலையில்லாத மயில்

ஆயுத பூஜை முடிந்த வாரம் இளம்பிள்ளைப் பக்கத்திலிருந்து போன். கோகிலா என்று ஒரு பெண், சின்னதாகத் தறிக்கூடம் வைத்திருப்பவள். இத்தனை வருஷமும் அடுத்தவர் கொடுத்த டிசைனைத்தான் கூலிக்கு நெய்துகொடுத்தாள். இப்போது முதல்முறையாகச் சொந்தமாக ஒன்று வரைந்திருந்தாள்: கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற மயில். ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தை முகூர்த்தத்துக்குச் சேலை பார்க்க வரப்போகிறார். புதிதாக ஏதாவது இருந்தால் எடுப்பேன், இல்லாவிட்டால் வேறு ஊர் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாராம். மயிலைக் காட்டினால் அவள் பெயரில் ஆர்டர், காட்ட முடியாவிட்டால் பழையபடி கூலி நெசவு.

நான் போனபோது தகரக் கூரை ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. அதில் பஞ்சுத் தூசி மேலும் போகாமல் கீழும் வராமல் மிதந்தது. தறிச் சத்தம் முதலில் காதைக் கிழிக்கும். கொஞ்ச நேரத்தில் அது சத்தமாகவே தோன்றாது. கிணற்றுத் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு வெளியே ஆட்கள் பேசுவதைக் கேட்பதுபோல் ஆகிவிடும். அத்தனை தூசிக்கு நடுவில் மோடம் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது, நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "வெச்சா இப்படி வெச்சிருக்கோணும்" என்று பாராட்டினேன்.

டிசைன் ஃபைல் ஊருக்குள் இருக்கும் டிசைன் சென்டரிலிருந்து காற்றில் வர வேண்டும். வந்தது. கால் வந்தது, தோகை வந்தது, உடம்பு வந்தது, கழுத்து ஆரம்பித்ததும் நின்றது. மறுபடி அனுப்பச் சொன்னேன். மறுபடியும் கழுத்து. ஆன்டெனாவை உயர்த்தினேன், வேகத்தைக் குறைத்தேன், அடாப்டரை மாற்றினேன். பழைய டிசைன்கள் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின, மயில் மட்டும் கழுத்தைத் தாண்டவில்லை. வந்தவரைக்கும் தறியில் ஓட்டிப் பார்த்த துணி கொடியில் தொங்கியது. அதில் வரிசையாகத் தலையில்லாத மயில்கள். மத்தியான வெளிச்சத்தில் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தால், ஒவ்வொன்றாகத் துணியை விட்டு இறங்கி வாசல் பக்கம் நடந்து போய்விடும்போல் இருந்தது. மோடத்தில் கை வைத்தாயா என்று கேட்டேன். வழக்கமான பதில்தான் வந்தது, ஒண்ணுமே செய்யலீங்க. அப்புறம் கோகிலா என் தோளுக்குப் பின்னாலிருந்து மெல்லக் கேட்டாள்: "ஏனுங்கக்கா, மயிலுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்களா?"

கோழிக்கு வந்த கெட்ட பெயர்

மயிலை மண்டையில் சுமந்துகொண்டே மறுநாள் எருமப்பட்டிக்குப் போனேன். லோகு அண்ணனின் முட்டைக்கோழிப் பண்ணை. கோழிக்கூண்டுகள் இருக்கும் செட்டில் முட்டை எண்ணும் மெஷின் இருக்கிறது. அது தினமும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கணக்கு அனுப்பும். கொஞ்ச நாளாக முட்டை குறைகிறது என்று கணக்கு வந்துகொண்டிருந்தது. அண்ணன் தீவனத்தை மாற்றினார். டாக்டரைக் கூட்டி வந்தார். கோழிகளுக்கு மனக்கவலையாக இருக்குமோ என்று யாரோ சொல்லப்போய், செட்டுக்குள் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டார். இதுவும் உதவாதபோது உள்ளே போய் நின்று கோழிகளைத் திட்டினார். கடைசியில் அவர் வீட்டுக்கார அக்கா முட்டை அட்டைகளை எண்ணிவிட்டு, கணக்கில் இருப்பதைவிட நிஜத்தில் முட்டை அதிகமாக இருக்கிறதே என்று சொன்ன பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

மோடம் கேபிளைத் தொட்டதுமே கை சொல்லிவிட்டது, இது நான் போட்டது இல்லை. "பொறு" என்று சொல்வதற்கென்று கேபிளில் தனிக் கம்பி உண்டு. உள்ளூர் எலக்ட்ரீஷியன், இதில் பாதிக் கம்பி சும்மாத்தானே கிடக்கிறது என்று நினைத்து, என் கேபிளை உருவி வாசல் கேட்டுக்குக் காலிங் பெல் போட்டுவிட்டார். இங்கே மூன்றே கம்பி உள்ள கேபிளைச் சொருகி, மிச்சமிருந்த முனைகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டார். அதனால் எண்ணும் மெஷினுக்கு எந்நேரமும் "அனுப்பு, அனுப்பு" என்றே கேட்டது. மோடம் ரொம்பி வழிந்தது. வழிந்ததெல்லாம் முட்டை. நான் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தபோது கூண்டு வரிசைகளிலிருந்து கோழிகள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தன. தலையுள்ள பறவைகளைப் பார்ப்பது அன்றைக்கு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? சாயங்காலம் கணக்கு ஒழுங்காக வந்தது. லோகு அண்ணன் திரையைப் பார்த்தார், செட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இத்தனை நாளா திட்டுனதுக்குக் கோழிங்ககிட்ட மன்னிப்புக் கேக்கோணுமுங்களா?"

நீங்க சொல்லுங்க, இல்லீங்க நீங்க சொல்லுங்க

வியாதி தெரிந்துவிட்டது, கேபிள்தான் என்று குதித்துக்கொண்டு இளம்பிள்ளைக்குப் போனேன். கோகிலாவின் கேபிளைப் பிரித்தால் எல்லாக் கம்பியும் வைத்தது வைத்தபடி இருந்தது. என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சரி, கோளாறு அனுப்புகிற பக்கத்தில் இருக்கலாம் என்று டிசைன் சென்டருக்கு நடந்தேன். கோகிலாவும் கூடவே வந்தாள்.

டிசைன் சென்டரை நடத்துகிற முருகேசன் தன் யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்குப் "பெரியவர்" என்று பெயர் வைத்திருக்கிறார். அதை அவர் அணைத்ததே கிடையாது. அந்த அறைக்குள் செருப்புப் போட மாட்டார், சத்தமாகப் பேசவும் மாட்டார். பெரியவரின் செட்டிங் எல்லாவற்றையும் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. மயிலை அனுப்பச் சொல்லிவிட்டு மோடத்தின் விளக்குகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு அந்தச் சின்னப் பச்சை விளக்குகள் மேல் ஒரு பைத்தியம் உண்டு. அவை துடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எங்கேயோ போய்விடுவேன்; சின்னச்சாமி அண்ணன் இதற்காகவே என்னைத் திட்டுவார். துடித்தன, துடித்தன, கழுத்து வந்ததும் அசையாமல் நின்றன. பெரியவர் அடுத்த வரியை அனுப்பக் காத்திருந்தார். தறி அடுத்த வரி வரட்டும் என்று காத்திருந்தது. கல்யாணப் பந்தியில் "நீங்க உக்காருங்க", "இல்லீங்க, நீங்க உக்காருங்க" என்று இரண்டு பேர் கடைசிவரை நின்றுகொண்டே இருப்பார்களே, அந்தக் கதைதான்.

முருகேசன் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். மயிலுக்குப் பதிலாகத் தன்னிடம் உள்ள அன்னத்தை அந்த இடத்தில் வைக்கலாம் என்றார். திரும்பிப் பார்க்கிற மயிலை யாரும் வாங்க மாட்டார்கள் என்று அவர் முதலிலிருந்தே சொல்லிவந்தவர். வைத்து அனுப்பினோம். அன்னம் சரசரவென்று முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அந்த நேரம் பார்த்துச் சின்னச்சாமி அண்ணன் போன் செய்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, "வசந்தி, மோடத்தைப் பாரு, மயிலைப் பாக்காத. அன்னம் போச்சுன்னா வேலை முடிஞ்சுது, கிளம்பி வா" என்றார். ஈரோட்டுக்காரர் வியாழக்கிழமை வருவதாகச் சேதி வேறு வந்திருந்தது. எல்லோருக்கும் நிம்மதி, கோகிலாவைத் தவிர. கரண்ட் இல்லாத மத்தியானங்களில் தறிக்கூடத்துக்குப் பின்னால் சோளக்காட்டில் வந்து நிற்கிற மயிலைப் பார்த்துப் பார்த்து அவள் வரைந்தது அது. அவள் திரையில் இருந்த அன்னத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னத்தை ஊர்ல எல்லாரும்தானுங்க நெய்யறாங்க. இதைக் காட்டுனா அவரு என்னை எதுக்குங்க தேடி வாராரு?"

ஆற்றோரத்தில் ஒரு தூக்கம்

புதன்கிழமை காலையில் ஜேடர்பாளையத்தில் ஒரு வேலை, தள்ளிப்போட முடியாதது. ஆற்றோரத் தென்னந்தோப்பில் மோட்டாரைத் தூரத்திலிருந்து இயக்குவதற்கு மோடம் வைத்திருக்கிறார்கள். அது ஊமையாகிவிட்டது. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் செங்கோடன் அண்ணன் ஒண்ணுமே செய்யலீங்க என்றார். நிஜமாகவே அவர் ஒன்றும் செய்யவில்லை. காய்ந்த மட்டை ஒன்று விழுந்து ஆன்டெனாவைச் சாய்த்திருந்தது. நிமிர்த்திக் கட்டினேன், வேலை முடிந்தது.

தடுப்பணைப் பக்கம் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் தோப்பு நிழலுக்கே திரும்பி வந்து உட்கார்ந்தேன். அணையில் தண்ணீர் விழுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டது. கண் தானாகச் சொருகியது. இளம்பிள்ளையில் முருகேசனின் கூரையிலிருந்து கோகிலாவின் கூரை வரைக்கும் மயில்கள் வரிசையாகக் காற்றில் நடந்து போகின்றன. கால்வைக்கும் இடமெல்லாம் பச்சை விளக்கு ஒன்று எரிந்து அணைகிறது. பாதி வழியில் முதல் மயில் நிற்கிறது. அதன் பின்னால் எல்லாம் நிற்கின்றன. யாரோ முதுகில் தட்டிக் கூப்பிட்டதுபோல் எல்லாம் ஒன்றாகத் திரும்பிப் பார்க்கின்றன. நான் கீழே நின்று போங்கள், போங்கள் என்று கையை ஆட்டுகிறேன். அவற்றுக்குக் கேட்கவில்லை.

"எந்திரிங்க சாமி, எறும்பு" என்று செங்கோடன் அண்ணன் எழுப்பினார். பையை எடுக்க மோட்டார் ரூமுக்குள் போனேன். மோடத்தின் மேல் பூஜைக்கு வைத்த பூ காய்ந்து கிடந்தது. அதை எடுக்கலாம் என்று அவர் மோடத்தைத் தூக்கினார், அதன் முதுகிலும் சந்தனப் பொட்டு இருந்தது. ஏனுங்கண்ணா, முதுகில் எதற்குப் பொட்டு என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "எந்தப் பக்கம் மொகம்னு தெரியலீங்க சாமி, அதான் ரெண்டு பக்கமும் வெச்சுட்டேன்."

முதுகில் இருந்த சந்தனம்

அந்தப் பொட்டைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் மொத்தமாகக் கலைந்துவிட்டது. ஸ்கூட்டரை எடுத்தேன். திருச்செங்கோடு, சங்ககிரி, மகுடஞ்சாவடி, ஒன்றும் கண்ணில் பதியவில்லை. தறிக்கூடத்துக்குள் போய் வந்தால் நம் மூக்கே பஞ்சு அடைத்துக்கொள்கிறது. அங்கே ஒரு மோடம் புத்தம் புதிதாக இருந்தால் அதை யாரோ துடைத்திருக்க வேண்டும் அல்லவா? நான் என்னடா என்றால் அதைப் பார்த்துப் பாராட்டிவிட்டு வந்திருக்கிறேன். மோடத்தின் முதுகில் குட்டிக் குட்டி சுவிட்சுகள் உண்டு. அவை பல வருஷத்துக்கு முன்னால் நானே செட் செய்து வைத்தவை என்பதால் திருப்பிப் பார்க்கவே தோன்றவில்லை.

கோகிலாவின் மோடத்தைத் திருப்பினேன். சுவிட்ச் குழிக்குள் காய்ந்த சந்தனம். ஒரு சுவிட்ச் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. விசாரித்ததில், பூஜைக்கு முதல் நாள் அவள் தறிகளையெல்லாம் துடைத்து, மோடத்தின் குழிக்குள் அடைந்திருந்த பஞ்சைப் பழைய டூத் பிரஷ்ஷால் நோண்டி எடுத்துவிட்டு, அப்புறம் பொட்டு வைத்திருக்கிறாள். பிரஷ் பட்டதில் சுவிட்ச் மாறிவிட்டது.

"பொறு" என்று சொல்ல இன்னொரு வழியும் இருக்கிறது. தனிக் கம்பிக்குப் பதிலாக, பேச்சோடு பேச்சாக ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண் பத்தொன்பது. சுவிட்ச் மாறியதும் மோடம் இந்த வழிக்குப் போய்விட்டது. டிசைனில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் உண்டு. கோகிலாவின் மயிலுக்குக் கழுத்தில் மட்டும் ஒரு தனி நீலம், அதன் எண்ணும் பத்தொன்பது. தறி நல்ல பிள்ளை, தனக்கு வரும் ஒவ்வொரு வரியையும் "இதுதானுங்களே?" என்று ஒருமுறை திருப்பிச் சொல்லும். கழுத்து நீலத்தை அது திருப்பிச் சொன்னபோதெல்லாம் மோடம் அதைப் "பொறு" என்று எடுத்துக்கொண்டு, மரியாதையாக நின்றுவிட்டது. முருகேசனின் அன்னத்தில் அந்த நீலம் இல்லை, அதனால் தடையில்லாமல் போனது. ஊரே மயில்மேல் பழி போட்டதே, பாதி சரிதான்.

தலையிலிருந்த ஹேர்பின்னால் சுவிட்சைப் பழைய பக்கம் தள்ளினேன். முருகேசனுக்குப் போன் போட்டேன். கோகிலா எதற்கோ எல்லாத் தறிகளையும் நிறுத்தினாள். அந்தக் கூடத்தில் நான் அதுவரை கேட்டிராத அமைதி. பச்சை விளக்கு துடித்தது. கால், தோகை, உடம்பு. கழுத்து ஆரம்பித்தது. துடித்தது. துடித்துக்கொண்டே இருந்தது. கழுத்து போனது, அலகு போனது, கொண்டை போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கு வெட்கமில்லை. அதை மறைக்கத்தான் கோகிலாமேல் பாய்ந்தேன். ஒண்ணுமே செய்யலைன்னியே கண்ணு, இவ்வளவு செய்திருக்கியே என்றேன். அவள் நிஜமான ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, சாமிக்குச் செஞ்சதையெல்லாமா செஞ்சதுல சேப்பாங்க?"

வியாழக்கிழமை

எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஆன்டெனாவை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சின்னச்சாமி அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவரும் நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். ஈரோட்டுக்காரர் வந்தபோது முழுச் சேலை இன்னும் ஆகவில்லை. தறியிலேயே கொஞ்சம் நெய்து நின்றது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். விரலால் அந்தக் கழுத்தைத் தடவினார். கூரை ஓட்டை வெயில் ஒன்று சரியாக அதன்மேல் விழுந்தது. நீலம் அசைவதுபோல் இருந்தது. நானும் முருகேசனும் சுவரோரமாக நின்றோம். கோகிலா முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

வெகுநேரம் கழித்து அவர் நிமிர்ந்தார். "எல்லா எடத்துலயும் மயிலு முன்னால பாக்கும். இது ஏம்மா பின்னால திரும்பிப் பாக்குது?" என்றார். முருகேசன் என்னைப் பார்த்தார், அப்போதே சொன்னேனே என்கிற பார்வை. கோகிலா சுருட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு பதில் சொன்னாள். அந்தப் பதிலுக்குத்தான் ஆர்டர் கிடைத்தது என்று முருகேசன் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறார்: "நீங்க வாரீங்களான்னு பாக்குதுங்க."

இப்போதெல்லாம் "ஒண்ணுமே செய்யலீங்க" என்று யார் சொன்னாலும் நான் மறுபேச்சுப் பேசாமல் மோடத்தின் முதுகைத் திருப்பி, பூஜை எந்தப் பக்கம் வரைக்கும் நடந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.